சாத்திய கதவுக்குள் ஒரு கிண்ணம்

எங்கள் மகனுக்குக் காரியம் முடிந்து பந்தல் பிரித்துக்கொண்டிருந்த அன்று சேலத்திலிருந்து ஒருவர் போன் செய்தார். குட்டி தயாராகிவிட்டது, எப்போது கொண்டுவரட்டும் என்றார். என்ன குட்டி, எவன் கேட்டான் என்று எரிந்து விழுந்தேன். பெர்ஷியன் பூனைக்குட்டி, அம்மாவுக்கு என்று உங்கள் மகன் சொல்லிவைத்தது, தாய்ப்பால் மறக்கட்டும் என்றுதான் இத்தனை நாள் வைத்திருந்தேன் என்றார் அவர். வெள்ளிமலையிலிருந்து பைக்கில் இறங்கும்போது மழையில் வழுக்கி அவன் போய்விட்டான் என்பதை நான் சொல்ல வேண்டியதாயிற்று. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். என் மனைவி போனைப் பிடுங்கி, "கொண்டாந்துடுங்க" என்றாள்.

கூடையைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பஞ்சுப் பொதி. அதில் சப்பை மூக்கும் இரண்டு மஞ்சள் கண்ணும் இருந்தன. வந்தவர் அதன் சாப்பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார் பாருங்கள், கல்யாண வீட்டுச் சமையல்காரன் தோற்றுப்போவான். பசும்பால் கூடாது, வயிற்றால் போகும். சோறு கூடாது. குட்டிகளுக்கென்று விற்கிற பாக்கெட் தீனியை வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, கொஞ்சம் கொஞ்சமாக நாளைக்கு நாலு வேளை தர வேண்டும். நடுநடுவே உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முள் எடுத்த மீன். தண்ணீர்க் கிண்ணம் தீனிக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மசாலா வாடையே ஆகாது. கள்ளக்குறிச்சியில் பூனைக்குப் பால் ஊற்றாத வீடு எங்கள் வீடு ஒன்றுதான் என்று தெருவே சிரித்தது. சிரித்துவிட்டுப் போங்கடா என்று விட்டுவிட்டேன்.

எனக்கு வேறு கவலை. காரியம் முடிந்ததிலிருந்து என் மனைவி சாப்பிடவில்லை. கடுங்காப்பி, கெஞ்சினால் ஒரு வாய் மோர்ச்சோறு, அவ்வளவுதான். வளையல் முழங்கைவரை ஏறி இறங்கியது. குட்டிக்கு மட்டும் வேளை தவறாமல் கோழியை நார் நாராகப் பிய்த்துப்போடுவாள். தன் வாய்க்கு ஒன்றும் போகாது. இவளும் அவன் பின்னாலேயே போய்விடுவாள் என்று உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

குட்டியிடமும் ஒரு விஷயம் எனக்குப் பிடிக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் மொபைல் கடை வைத்திருந்த என் மகன், விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு வந்து டீ குடித்துவிட்டுப் போவான். சரியாக அந்த நேரத்துக்கு, என்ன தூக்கத்தில் இருந்தாலும், குட்டி எழுந்து போய் வாசல் கேட்டுக்கு உள்ளே உட்காரும். தெருவில் பைக் சத்தம் கேட்டால் காதை அந்தப் பக்கம் திருப்பும். சத்தம் தாண்டிப் போனதும் திரும்பி என்னைப் பார்க்கும். அது அவனைப் பார்த்ததே இல்லை. ஒருநாள் செருப்பைத் தூக்கிக்கொண்டு விரட்டப் போனேன், கை எழவில்லை.

எங்கள் பக்கத்தில் இறந்தவருக்குப் படையல் போட்டால் அறைக் கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வெளியே உட்காருவோம். அவர்கள் வந்து சாப்பிட நேரம் தர வேண்டும். பிறகு கையைத் தட்டிவிட்டுத் திறப்போம். காரியத்தன்று திறந்தபோது இலை போட்டபடியே இருந்தது. ஒரு பருக்கைகூட இடம் மாறவில்லை. யாருக்குத்தான் மாறும்? ஆனால் என் மனைவி அந்த இலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். "எம்புள்ள பசியோடயே போய்க்கினு இருக்கறான்" என்றாள். அன்றோடு அவள் சாப்பாடு நின்றது.

அடுத்த அமாவாசைக்கு மறுபடி படைத்தோம். அவனுக்கு உயிரான நெத்திலிக் கருவாட்டு முட்டைப் பொரியலை, சின்ன வெங்காயத்தை அள்ளிப்போட்டுச் செய்திருந்தாள். குட்டியைச் சமையல்கட்டில் கூடைக்குள் விட்டுச் சாத்திவிட்டதாகச் சொன்னாள். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து கரும்புக்கு வெட்டு ஆள் கிடைக்காததை நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கையைத் தட்டிக் கதவைத் திறந்தாள்.

இலையில் பொரியல் இருந்த இடம் வெறிச்சென்று இருந்தது. எண்ணெய்க் கறை மட்டும்தான். சோறு ஓரத்தில் கலைந்திருந்தது. போட்டோவில் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். ஜன்னலை இழுத்துப் பார்த்தேன், கொக்கி மாட்டியிருந்தது. நான் வாசல்படிக்கே பின்வாங்கிவிட்டேன், பொய் சொல்லவில்லை. என் மனைவி அந்த இலைக்கு முன்னாலேயே உட்கார்ந்து மிச்சமிருந்த சோற்றைப் பிசைந்து முழுசாகச் சாப்பிட்டாள்.

அதற்குப் பிறகு அமாவாசைக்குக் காத்திருக்கவில்லை. ஞாயிறுதோறும் படையல், ஞாயிறுதோறும் பொரியல் காலி. அவள் முகத்தில் ரத்தம் வந்தது. நான்தான் அந்த அறைப் பக்கம் போவதை விட்டேன். பகலில்கூட அதைக் கடக்கும்போது நடை தானாக வேகமெடுக்கும். பெற்ற பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறாயே, நீயெல்லாம் ஒரு மனுஷனா என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

குட்டி மெலிந்ததை நான் தாமதமாகத்தான் கவனித்தேன். கேட்டுக்குப் போகும், பாதி வழியில் படுத்துவிடும். வாயைப் பிரித்துப் பார்த்தால் ஈறு சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்திருந்தது. மூத்திரம் டீ டிகாஷன் நிறத்தில் போயிற்று. தீனியை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. என் மனைவியும் மறுபடி சாப்பாட்டை நிறுத்திவிட்டாள்.

கூடையோடு இருவரும் மாட்டு டாக்டரிடம் போனோம். அவர் கண்ணைப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், வெங்காயம் ஏதாவது தின்றதா என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இதற்கு ஆகிற சமையல் எங்களுக்கே ஆவதில்லை, உப்புகூடக் காட்டுவதில்லை, வெங்காயம் எங்கிருந்து வரும் என்று கத்தினேன். அவர் அமைதியாக, வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம், ரத்தத்தையே உடைத்துவிடும் என்றார். என் மனைவி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"நான்தாங்க. நான்தான் அத்த உள்ள வுட்டுச் சாத்தினேன்."

குட்டியைப் படையல் அறைக்குள் விட்டதைச் சொல்கிறாள் என்று எனக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

"எல வெறுமனே கெடந்துச்சுன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்போல இருந்துச்சுங்க. எதுனா ஒண்ணு தின்னுட்டுப் போவட்டும்னு வுட்டேன். கதவத் தெறந்தா பீரோ அடியில பூந்துக்கும், நீங்க போன பின்னால தூக்கியாருவேன். அப்பறம் அவன்தான் தின்னான்னு நானே நம்பிட்டேன். வெஷம்னு தெரியாதுங்க."

டாக்டர் ஊசி போட்டார், டானிக் கொடுத்தார். இனி அது தானாகத் தின்றாக வேண்டும், பூனை பட்டினி கிடந்தால் ஈரலும் கெட்டுவிடும் என்றார். அவளைத் திட்டாமல் கூடையை நானே வாங்கித் தூக்கிக்கொண்டு வந்தேன். இத்தனை ஞாயிறும் அந்தக் கதவுக்குப் பின்னால் அவன் இருக்கிறான் என்று பயந்தேனே, அவன் இல்லை என்று தெரிந்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

ஊசிக்குழலில் கோழிச் சாறு, விரல் நுனியில் மீன், என்னென்னவோ செய்து பார்த்தோம். எல்லாம் மோவாயில் வழிந்தது. தீனிக் கிண்ணத்தைப் பார்த்தாலே அவள் அழுதாள் என்று அதைக் கழுவிப் படையல் அறை மூலையில் வைத்துவிட்டேன்.

அமாவாசை வந்தது. இனிமேல் படையலே வேண்டாம் என்றாள். போடு என்று நான்தான் சொன்னேன். வெங்காயம் இல்லாமல் பொரியல் செய்தாள். ஆளுக்கொரு பக்கமாக அறைக்குள் போவதும் வருவதுமாக எல்லாவற்றையும் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தினோம். குட்டி அவள் மடியில் துணிபோல் கிடந்தது.

விளக்கு வைக்கிற நேரம். தெருவில் ஒரு பைக் போயிற்று. குட்டி தலையைத் தூக்கியது. கேட்டைப் பார்க்கவில்லை, சாத்திய கதவைப் பார்த்தது. தொண்டைக்குள் கரகரவென்று ஒரு சத்தம், தீனி போடும்போது மட்டும் வருகிற சத்தம். மடியிலிருந்து நழுவி, தரையோடு இழைந்து போய்க் கதவைப் பிராண்டியது. கை தட்டக்கூட மறந்து கதவைத் திறந்துவிட்டேன்.

இலை போட்டபடியே இருந்தது. குட்டி இலையைத் தாண்டி மூலைக்குப் போனது. கிண்ணத்தில் தீனி இருந்தது, பதமாக ஊறி, இன்னும் வெதுவெதுப்பாக. அது தலையைக் கவிழ்த்துத் தின்ன ஆரம்பித்தது.

"நீயா?" என்றேன்.

"நீங்க இல்ல?" என்றாள்.

அது தின்று முடிக்கிறவரை இருவரும் நின்றுகொண்டே இருந்தோம். பிறகு அவள் போட்டோவைப் பார்த்து, "அவனுக்குப் பசியே இல்லீங்க. இந்தக் குட்டி பசியப் பாக்கத்தான் வந்துருக்கறான்" என்றாள். இலை முன்னால் உட்கார்ந்து எனக்கும் சேர்த்துச் சோற்றைப் பிசைந்தாள்.

குட்டி பிழைத்து, இப்போது சோபா முழுக்க அதன் ராஜ்ஜியம்தான். அன்றைக்குக் கிண்ணத்தை நிரப்பியது யார் என்று நாங்கள் ஒருவரையொருவர் மறுபடி கேட்டதில்லை. கேட்டால் ஒருவேளை எங்களில் ஒருவர் ஒப்புக்கொண்டுவிடக்கூடும்.