பீரோவுக்குள் போன மாத்திரைகள்

எனக்குத் தலைவலி இளம் வயதிலிருந்தே உண்டு. பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வந்து, ஒரு மாத்திரை போட்டுப் படுத்தால் சரியாகிவிடும். ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்தில் ஃப்ளாட் வாங்கி வந்த பிறகு அது தினசரி வலியாகிவிட்டது. கண் விழிக்கும்போதே பிடரியில் தொடங்கி நெற்றிவரை இறுக்கும். மாத்திரை போடுவேன். கொஞ்சம் குறைந்து மறுபடி வரும். மறுபடி போடுவேன்.

எத்தனை போடுகிறேன் என்பது எனக்கே தெரியவில்லை என்று முதலில் கண்டுபிடித்தவள் என் மனைவி. துவைக்கப் போட்ட சட்டைகளின் பைகளிலிருந்து காலி அட்டைகளாக எடுத்துக் காட்டினாள். அவற்றை வாங்கியதே எனக்கு நினைவில்லை. பழைய அட்டைகளைச் சேர்த்து வைத்து என்னை மடக்கப் பார்க்கிறாள் என்று கத்தினேன்.

தில்லைநகரில் ஒரு நரம்பு மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனாள். அவர் சில சொற்களைச் சொல்லி, சற்று நேரம் கழித்து அவற்றைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். எனக்கு ஒன்றுதான் நினைவுக்கு வந்தது. மறதி ஆரம்பித்திருக்கிறது, போட்டதை மறந்து திரும்பத் திரும்பப் போடுகிறார், அளவுக்கு மீறிய மாத்திரையே இப்போது வலியைக் கொண்டுவருகிறது என்றார். நிறுத்தினால் முதலில் வலி அதிகமாகும், பிறகு குறையும் என்றும் சொன்னார்.

"இனிமே மாத்திரை எல்லாம் உங்க கையிலயே இருக்கட்டும்மா." இதை அவளைப் பார்த்துத்தான் சொன்னார்.

மாத்திரைகள் பீரோவுக்குள் போயின. சாவி அவள் இடுப்பில். மறுநாளே மண்டை பிளந்தது. அவள் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கீழே மெடிக்கலுக்குப் போனேன். கடைக்காரர் தலையைச் சொறிந்துகொண்டு, "அம்மா குடுக்க வேண்டாம்னு சொல்லியிருக்காங்க சார்" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். கூசிப்போய் அப்படியே பஸ் ஏறிச் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ஓர் அட்டை வாங்கினேன்.

திரும்பி வருகையில், காவிரிப் பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்தபோது, மாத்திரை போட்டேனா இல்லையா என்று சந்தேகம் வந்தது. பையிலிருந்து அட்டையை எடுத்தேன். பாதிக்கு மேல் காலி. எப்போது போட்டேன், எல்லாவற்றையும் நான்தான் போட்டேனா, ஒன்றும் பிடிபடவில்லை. அவள் சொன்னதெல்லாம் உண்மை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

வீட்டுக்கு வந்து அட்டையை அவள் கையில் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். அவள் திட்டவில்லை. உடனே மருத்துவருக்குப் போன் செய்தாள். அவர் வரச் சொல்லிப் பரிசோதித்து அனுப்பினார். அன்றிலிருந்து வாசல் கிரில்லும் உள்ளிருந்து பூட்டப்பட்டது.

அடுத்து வந்த நாட்களில் வாந்தி, தூக்கமின்மை, ஓயாத வலி. "ஒண்ணே ஒண்ணு குடும்மா" என்று கெஞ்சினேன். சாவியைப் பிடுங்கக் கை நீட்டினேன். அவள் அதை இறுகப் பற்றிக்கொண்டு அழுதாள்.

"என்னை என்ன வேணா சொல்லுங்க. குடுக்க மாட்டேன்."

வலி மெல்ல மெல்லத் தளர்ந்தது. இப்போது எப்போதாவதுதான் வருகிறது. மறதி போகவில்லை. கிரில் பூட்டும் போகவில்லை.

போன மாதம் முசிறியில் அவள் தங்கை மகளுக்குக் கல்யாணம். என்னை அழைத்துப் போகவும் பயம், விட்டுப் போகவும் பயம் அவளுக்கு. நீ மட்டும் போய்விட்டு வா என்றேன்.

"வெளியில பூட்டிட்டுப் போகட்டுங்களா?" என்று தயங்கிக் கேட்டாள்.

சரி என்று சொல்ல வாய் வரவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. அவள் தங்கைக்குப் போன் போட்டு, முடியாது என்று சொன்னாள். பிறகு எடுத்து வைத்திருந்த பட்டுப்புடவையை மடித்துப் பீரோவில் வைத்தாள்.