உப்புத்துறைக்கு வந்த பதினொரு பேர்

ஆர்டிஸ் ஹௌகன் ஒரு புது ஆளை உருவாக்க உட்கார்ந்தால் பெயர், குலம், கண்ணின் நிறம் எதையும் யோசிக்க மாட்டாள். அந்த ஆளின் சட்டைப்பையில் என்ன கிடக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பாள். மற்றவர்கள் வாளில் ஆரம்பிப்பார்கள். எரியும் வாள், நாடு இழந்த இளவரசன், ஏழு தலைமுறைச் சாபம் என்று ஒரே தடபுடலாக இருக்கும். அந்தப் பகட்டெல்லாம் ஆர்டிஸுக்கு ஒத்துவராது. பையில் பாதி கடித்த மிட்டாய் ஒன்று இருந்தால் போதும், அதைக் கடித்தவன் யார், மீதியை யாருக்காக வைத்தான் என்று அவள் கண்டுபிடித்துவிடுவாள்.

இந்தப் பொருட்களுக்கு அவளிடம் பஞ்சமே இல்லை. மினசோட்டாவில் பெமிட்ஜி ஊரில் முப்பது வருடமாகப் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் ஒரு அட்டைப்பெட்டி. பிள்ளைகள் விட்டுவிட்டுப் போகும் சாமான்கள் அதில் சேரும். ஒற்றைக் கையுறை, சாவி இல்லாத பூட்டு, யாரோ ஒருவரின் பால்பல். பேருந்தில் ஆர்டிஸ் பேசுவது மொத்தம் மூன்று சொல். "உக்காரு", "மெதுவா", "இறங்கு." வாயில் என்ன கொழுக்கட்டையா என்று புதிதாக வந்த ஆசிரியர்கள் நினைப்பார்கள். காலைச் சவாரி முடிந்து எட்டரைக்கு வீடு வந்து, மத்தியானச் சவாரிக்கு இரண்டு மணிக்குக் கிளம்பும்வரை சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் பேசுகிற பேச்சை அவர்கள் பார்த்ததில்லை.

அவள் பேசுவது உப்புத்துறையில். அது கணினிக்குள் இருக்கும் ஒரு துறைமுக ஊர். படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாமே எழுத்து. ஆளாளுக்கு ஒரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு உள்ளே வந்து, அந்தப் பாத்திரமாகவே பேசி, சண்டை போட்டு, சமாதானமாகி வாழலாம். மலையில் டிராகன்கூட உண்டு. அது பெரும்பாலும் தூங்கிக்கொண்டிருக்கும். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் வெண்டல் என்ற ஓய்வுபெற்ற தபால்காரர் தன் வீட்டு நிலவறையில் ஒரு பழைய கணினியை வைத்து இருபத்திரண்டு வருடமாக இந்த ஊரை நடத்திவருகிறார். சட்டம் இரண்டுதான். ஒருவருக்கு இரண்டு பாத்திரத்துக்கு மேல் கூடாது. ஒரு பாத்திரத்துக்குப் பின்னால் இருப்பது யார் என்று அவரே சொல்லாதவரை யாரும் கேட்கக் கூடாது. யார் எந்த வீட்டிலிருந்து உள்ளே வருகிறார்கள் என்பதை வெண்டல் நினைத்தால் பார்க்கலாம். பார்க்க மாட்டார். அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் பழக்கமில்லாத மனிதர்.

ஆர்டிஸ் அங்கே சத்திரக்காரி பிரென்னா. பத்தொன்பது வருடமாக அவள்தான் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றுகிறாள். இது ஊரறிந்த விஷயம். இரண்டாவது பாத்திரத்தைத்தான் மாற்றிக்கொண்டே இருப்பாள். ஒரு ஆளை உருவாக்குவாள், ஆறு மாதம் வாழவைப்பாள், நல்லபடியாகக் கல்யாணம் கட்டியோ கப்பலேற்றியோ அனுப்பிவிட்டு அடுத்த ஆளுக்கு உட்காருவாள். அரிசோனாவின் டூசானில் செவிலியாக இருக்கும் மரிசெலா, உப்புத்துறையின் இன்னொரு பழைய ஆள், இதைச் சொல்லியே அவளைக் கிண்டல் செய்வாள்.

"உனக்கு ஆளுங்களப் பெத்துப் போடத்தான் தெரியும், வளக்கத் தெரியாது."

"வளந்தவங்களத்தான் தினமும் பாக்குறேனே. எனக்கு ஆரம்பந்தான் பிடிக்கும்" என்பாள் ஆர்டிஸ்.

அந்த ஜனவரியில் வெண்டல் ஊர் மந்தையில் ஓர் அறிவிப்பு ஒட்டினார். இரண்டு வருடமாக ஒரு புது முகம்கூட வரவில்லை, இருப்பது பன்னிரண்டு பேர், அதிலும் பாதிப் பேர் வாரக்கணக்கில் எட்டிப் பார்ப்பதில்லை. ஆள் இல்லாத ஊருக்குக் காவல் இருக்கத் தன்னால் முடியவில்லை. மார்ச் கடைசி ஞாயிற்றுக்குள் நிஜமான புது ஆள் ஒருவராவது வந்து தங்கினால் சரி, இல்லையென்றால் கதவைச் சாத்திவிடலாம். அவ்வளவுதான் எழுதியிருந்தார்.

ஆர்டிஸ் அன்று தன் காப்பியைக் குடிக்கவே இல்லை. பத்தொன்பது வருடம் பேசிய இடம். அங்கே பேசவில்லையென்றால் அவளுக்கு உலகத்தில் மிஞ்சுவது அந்த மூன்று சொல்தான்.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?" என்று கேட்டான் அவள் கணவன் லைல், சட்டியிலிருந்து இரண்டாவது தடவை உருளைக்கிழங்குக் கறியை அள்ளிக்கொண்டே.

"ஒண்ணுமில்ல."

பெமிட்ஜியில் ஒன்றுமில்லை என்றால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அங்கே சொற்களுக்குக் கொஞ்சம் சிக்கனம். சாப்பாடு பிரமாதம் என்றால் "சாப்பிடலாம்" என்பார்கள். மகள் கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டால் "மோசமில்ல" என்பார்கள். அதற்கு மேல் பாராட்டுகிறவனை அக்கம்பக்கத்தில் கொஞ்சம் சந்தேகமாகவே பார்ப்பார்கள். லைல் மேலே எதுவும் கேட்காமல் அவள் தட்டிலும் ஒரு கரண்டி வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் ஆர்டிஸ் சட்டத்தை மீறத் துணிந்தாள். முப்பது வருடத்தில் ஒரு நிறுத்தப் பலகையைக்கூடத் தாண்டாதவள். அட்டைப்பெட்டியிலிருந்து ஒற்றைச் சிவப்புக் கையுறையை எடுத்து மேசையில் வைத்தாள். அரைமணி நேரத்தில் கோர்க்கின் என்ற கிழவர் உருவானார், இடது கைக்கு மட்டும் கையுறை பின்னி விற்பவர். அடுத்த வாரம், கழுத்துமணி ஒன்றிலிருந்து ஆட்டுக்காரி பிம். வாய் திறந்தால் வம்பு. பிறகு, யாரோ மறந்துபோன கரண்டியிலிருந்து, அரண்மனையிலிருந்து துரத்தப்பட்ட ஒரு சமையல்காரன். அவனுக்குச் சமைக்கத் தெரிந்தது வெங்காய ரசம் ஒன்றுதான். கடைசியாக, சாவி இல்லாத பூட்டிலிருந்து திருடன் தாலோ. திருடியதை எல்லாம் துடைத்துச் சரிசெய்து மறுநாள் உரியவரிடமே திருப்பி வைத்துவிடுவான்.

ஊர் ஏமாறட்டும் என்றுதான் ஆரம்பித்தாள். ஆனால் ஒரு மாதத்தில் அவளுக்கு அது மறந்தே போனது. திரையில் நான்கு ஜன்னலைத் திறந்துவைத்து நான்கு பேராகப் பேசும்போது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்வது. பாத்திரம் கழுவும்போதே பிம்முக்கு வசவு தோன்றிவிடும், கை ஈரத்தோடு ஓடிவந்து தட்டுவாள்.

விசேஷம் என்னவென்றால், வேறு புது ஆட்களும் வரத் தொடங்கினார்கள். ஒருவரையொருவர் பிடிக்காத மூன்று சலவைக்காரச் சகோதரிகள். கண் தெரியாத பாடகர், அவரைத் திட்டிக்கொண்டே வழிகாட்டும் ஒரு பேசும் நாய். யாரிடமும் வரி வாங்கத் துணிச்சல் இல்லாத வரி அதிகாரி. அதிகம் பேசாத ஒரு தோணிக்காரர். இவர்கள் எல்லாம் நிஜமான ஆட்கள், தான் மட்டும்தான் கள்ளத்தனம் செய்கிறோம் என்று ஆர்டிஸ் நினைத்தாள். நினைத்து வெட்கப்படவும் செய்தாள். ஆனாலும் புது ஆள் ஒருவர் வந்தால் போதும் என்றாரே வெண்டல், ஏழு பேர் வந்துவிட்டார்களே என்று மனசு நிறைந்திருந்தது. அந்த ஏழு பேரையும் விழுந்து விழுந்து கவனித்தாள். முக்கியமாகத் தோணிக்காரரை. கதவைத் திறக்க என்ன தட்டவேண்டும் என்பதுகூட அவருக்குத் தெரியாமல் ஒருநாள் முழுக்கப் படித்துறையிலேயே நின்றிருந்தார். பிம்தான் ஆட்டை விட்டு முட்டவைத்து அவரைச் சத்திரத்துக்குக் கூட்டிவந்தாள்.

கெடுவுக்கு முந்தின நாள், சனிக்கிழமை. லைல் வாளியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கு மீன்பிடிக்கப் போய்விட்டான். பனிக்கட்டி இன்னும் ஆளைத் தாங்கும். பகல் பதினொரு மணிக்குச் சத்திரத்தில் கூட்டம் தாளவில்லை. பழையவர், புதியவர் எல்லாரும் இருந்தார்கள். பிம்மின் ஆட்டைத் தாலோ முந்தின நாள் திருடி, குளிப்பாட்டி, கொம்புக்கு எண்ணெய் போட்டுத் திருப்பிக் கட்டியிருந்தான். அதுதான் வழக்கு. ஆர்டிஸ் இரண்டு பக்கமும் வாதாடிக்கொண்டிருந்தாள். வாதம் சூடு பிடித்தது. சூடு பிடித்ததில் ஜன்னல் மாறிப்போனது.

திருடன் தாலோ மேசையில் ஓங்கிக் குத்தி, தன்னைப் பார்த்துத் தானே கேட்டான்: "ஏன்டா திருட்டுப்பயலே, என் ஆட்டை நீ எதுக்குடா குளிப்பாட்டின?"



தான் தட்டியது எந்த ஜன்னலில் என்று ஆர்டிஸ் அப்போதுதான் பார்த்தாள். சமாளிக்கிறேன் என்று அவசரமாக ஒரு வரி தட்டினாள். அது சமையல்காரன் வாயில் போய் விழுந்தது.

"மன்னிக்கணும், அது நான் இல்ல" என்றான், யாரும் எதுவும் கேட்காத சமையல்காரன்.

பதறிப்போய் எல்லா ஜன்னலையும் மூடப் போனவள் கோர்க்கின் கிழவரை எழுப்பிவிட்டாள். அவர் எழுந்து நின்று, "ஐயோ" என்றார்.

வெண்டல், பாத்திரத்தை விட்டுவிட்டுத் தன் சொந்தப் பெயரில் எழுதினார்.

"ஆர்டிஸ், இது நீங்களா?"

பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "நான்தான். நாலு பேரும் நான்தான். ஊரை மூடிருவீங்களோன்னு பயத்துல பண்ணிட்டேன். ஆனா மத்த ஏழு பேரு நிஜமானவங்க வெண்டல், அவங்களுக்காகத் திறந்து வைங்க."

பிறகு மரிசெலா வந்தாள். "ஆர்டிஸ், சிரிக்காத. சலவைக்காரிங்க மூணு பேரும் நான்தான். சின்னவளுக்கும் நடுவிலவளுக்கும் சண்டை மூட்டியே எனக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு."

ஜார்ஜியாவில் முடிதிருத்தும் ஓட்டிஸ், அவரும் பழைய ஆள்தான், தொண்டையைச் செருமினார். "பாடகர் நான். நாயும் நான்தான். நாய்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதையாவது விட்டுவைங்க."

ஆர்டிஸ் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினாள். ஏழில் ஐந்து போய்விட்டது. "வரி அதிகாரி?" என்று எழுதினாள்.

வெண்டல் பதில் எழுதினார். "அது நான். நான் போட்ட அறிவிப்பு எனக்கே பிடிக்கல. எல்லாரும் சோர்ந்துபோய்க் கெடந்தீங்க, ஒரு புது முகமாவது கண்ணுல படட்டும்னு செஞ்சேன். அப்புறம் வரிசையா ஆளுங்க வரவும், நம்ம கைராசின்னு நெனச்சுட்டேன்."

அந்தச் சத்திரத்தில் அப்படி ஒரு சிரிப்பு அதுவரை ஓடியதில்லை. அரிசோனாவிலும் ஜார்ஜியாவிலும் நோவா ஸ்கோஷியாவிலும் ஆளாளுக்குத் தங்கள் மேசையில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்தபோதுதான் விஷயம் உறைத்தது. அப்படியென்றால் யாருமே வரவில்லை. தங்களுக்குத் தாங்களே கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நாளைக்கு ஞாயிறு.

"தோணிக்காரர் யாரோட ஆளு?" என்று கேட்டார் வெண்டல். சட்டப்படி கேட்கக் கூடாத கேள்வி. அன்று சட்டத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

ஒருவரும் கை தூக்கவில்லை.

மூலையில் தோணிக்காரர் வெங்காய ரசத்தோடு உட்கார்ந்திருந்தார். அவரிடமிருந்து மெல்ல எழுத்து வந்தது. "மன்னிக்கணும். நான் யாரோட ஆளுன்னு சொல்லணுமா? நான் யாரோட ஆளும் இல்ல. என் பேரு ஜோலீன். சட்பரியில ஒரு ரொட்டிக்கடையில வேலை பாக்குறேன். பிப்ரவரியில வந்தேன். இதுக்கு முன்னாடி இந்த மாதிரி எதுவும் விளையாடினதில்ல. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

ஆர்டிஸ் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடியும் உட்கார்ந்தாள்.

"நீ ஒரு தப்பும் பண்ணலம்மா. எப்படி இங்க தங்கின? பழைய ஆளுங்களப் பாத்தா புதுசா வர்றவங்க பயந்து ஓடிருவாங்களே" என்று எழுதினாள் மரிசெலா.

"ஓடத்தான் நெனச்சேன். அப்புறம் பாத்தா எல்லாரும் என்னை மாதிரியே புதுசு. திருடனுக்குத் திருடத் தெரியல, சமையல்காரருக்குச் சமைக்கத் தெரியல, வரி அதிகாரிக்கு வரி வாங்கத் தெரியல. சரி, நமக்கும் தெரியாட்டிப் பரவால்லன்னு இருந்துட்டேன்." கொஞ்சம் நிறுத்தி இன்னொரு வரி வந்தது. "அப்ப பிம்முன்னு யாரும் இல்லியா?"

ஆர்டிஸ் சரியான ஜன்னல்தானா என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"இல்லாம என்ன? பஸ் ஓட்டிட்டு இருக்கா" என்றாள் பிம். "ரசத்தைக் குடிச்சு முடி. ஆடு உன்னைத் தேடுது."

வெண்டல் ஊர் மந்தையில் ஒட்டியிருந்த அறிவிப்பைக் கிழித்தார். அதே இடத்தில் புதிதாக ஒன்றை ஒட்டினார். ஒருவருக்கு இத்தனை பாத்திரம்தான் என்ற சட்டம் இன்றோடு ரத்து, நாய் உட்பட.

ஒரு மணிக்கு லைல் வந்தான். பூட்ஸிலிருந்து பனியைத் தட்டி, வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே எட்டிப் பார்த்தான். மனைவி மேசையில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். முன்னால் நான்கு ஜன்னல் திறந்திருந்தது. ஐந்தாவதாக ஒரு வெற்றுப் படிவம். பக்கத்தில் ஒரு பால்பல்.

"எப்படிப் போச்சு இன்னிக்கு?"

"நல்லா இருந்துச்சு, லைல்" என்றாள் ஆர்டிஸ். "ரொம்ப ரொம்ப நல்லா இருந்துச்சு."

லைல் தொப்பியைக் கழற்றிக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"என்ன ஆச்சு?" என்று கேட்டான். "டாக்டரக் கூப்பிடட்டுமா?"