மார்பில் முந்நூறு கிராம் சம்பா

போன செவ்வாய்க்கிழமை காலை, குண்டசாலையிலிருந்து கண்டிக்கு வரும் பஸ்ஸில், என் மார்பிலிருந்து அரிசி கொட்டியது.

அச்சுப்பிழை இல்லை. அரிசிதான். சம்பா.

கொஞ்சம் பொறுங்கள்... முதலிலிருந்தே சொல்கிறேன்.

இந்தப் பத்தியை விடாமல் வாசிக்கிறவர்களுக்கு என் எடை என்னைவிட நன்றாகத் தெரியும். நூற்றுப் பன்னிரண்டு கிலோவாக இருந்தவள், இரைப்பையை வெட்டிச் சுருக்கும் சத்திரசிகிச்சை செய்துகொண்டு, இப்போது அறுபத்தெட்டில் நிற்கிறேன். சீனி வருத்தம் அடங்கிவிட்டது. முழங்கால் வலி பாதியாகிவிட்டது. பஸ்ஸில் என் பக்கத்தில் இப்போது ஆட்கள் தைரியமாக உட்காருகிறார்கள்.

ஆனால் ஒன்றை யாரும் எனக்குச் சொல்லவில்லை. எடை நாம் சொன்ன இடத்திலிருந்து போகாது. வயிற்றிலிருந்து போ என்றால் கன்னத்திலிருந்து போகும். இடுப்பிலிருந்து போ என்றால் மோதிர விரலிலிருந்து போகும். எனக்குக் கன்னத்துக்கு அடுத்தபடியாகப் போனது மார்பு. உள்ளே இருந்தது போய்விட்டது — மேலே இருந்த தோல் மட்டும் அப்படியே தங்கிவிட்டது. விருந்தாளிகள் எல்லோரும் போன பிறகும் பிரிக்காமல் விட்ட கல்யாணப் பந்தல் மாதிரி.

நாற்பத்தேழு வயதில் இது ஒரு கவலையா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டுக்கொண்டேன். கேட்டுக்கொண்டே, எங்கள் அலுமாரிக் கதவைத் திறந்து வைத்து உடுத்தப் பழகினேன். ஏன் தெரியுமா? கதவைத் திறந்து வைத்தால் அதிலிருக்கும் கண்ணாடி சுவரைப் பார்க்கும். என்னைப் பார்க்காது.

அதோடு விட்டேனா? மகள் வேலைக்காகக் கொழும்புக்குப் போய்விட்டதால் அவளுடைய அறை காலியாக இருந்தது. “உங்க குறட்டையில தூக்கம் வரல” என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, தலையணையோடு அங்கே குடிபெயர்ந்தேன். இருபத்து நான்கு வருடமாகக் கேட்ட குறட்டை. அதைக் கேட்டால்தான் எனக்குத் தூக்கமே வரும்.

அவர் ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். கேட்காததால் அழுதேன்.

என் கணவர் செல்வம், வாகன உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். பேச்சு குறைவு. கடைக்கு வருகிறவர்களிடம் அவர் கேட்பது இரண்டே கேள்விதான்: “எந்த வருஷத்து வண்டி? ஒரிஜினலா, வேற போதுமா?” அப்படிப்பட்ட மனிதரிடம் போய், மார்புக்கு சிலிக்கன் வைக்க யோசிக்கிறேன் என்று எப்படிச் சொல்வது?

சொல்லவில்லை. பல் டொக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பேராதனைப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணரைப் பார்க்கப் போனேன்.

யாழ்ப்பாணத்துப் பெண் டொக்டர். ஐம்பது வயதிருக்கும். சிரிக்காமலே சிரிக்க வைக்கிற ரகம்.

“உங்கட எடை ஒரே அளவில நிக்கத் தொடங்கி எவ்வளவு காலம்?” என்றார்.

“மூணு மாசம் டொக்டர்.”

“காணாது. ஒரு வருசமாவது நிக்க வேணும். அதுக்கிடையில யோசிக்கலாம். இம்ப்ளான்ட் எண்டால் என்னெண்டு நினைச்சுக்கொண்டு வந்தனீங்கள்?”

நான் என்ன நினைத்தேன் என்பது எனக்கே தெரியவில்லை. பழையபடி ஆவேன் என்று நினைத்தேன் போல.

டொக்டர் ஒரு சிலிக்கனை என் கையில் வைத்தார். இடியப்ப மா பிசைந்து உருட்டி வைத்த மாதிரி, மெத்து மெத்தென்று. “சில பேருக்கு இது வேணும், சில பேருக்குத் தோலைத் தூக்கித் தைச்சாலே காணும். ஆனா இது பாரம். வாழ்நாள் முழுக்க அப்பிடியே இருக்குமெண்டும் இல்லை. பிறகொருக்கா மாத்தவும் வேண்டி வரலாம். நான் சொல்லுறது விளங்குதே?”

“விளங்குது டொக்டர்.”

“விளங்காது. ஒரு வேலை செய்யுங்கோ. ரெண்டு பழைய சொக்ஸ் எடுத்து, ஒவ்வொண்டிலயும் முந்நூறு கிராம் அரிசி போட்டுக் கட்டி, உள்ளுக்கு வைச்சுக்கொண்டு நாலு நாள் திரியுங்கோ. வேலைக்குப் போங்கோ, சமையுங்கோ, பஸ்ஸில ஏறுங்கோ. பிறகு வந்து சொல்லுங்கோ.”

நான் எழுந்தபோது நிறுத்தினார். “இன்னொண்டு. இது ஆருக்காண்டி?”

“எனக்காகத்தான் டொக்டர்.”

“உடன சொல்லாதேங்கோ. சுமந்து பாத்திட்டுச் சொல்லுங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். கேக் அடிக்கும்போது மா நிறுக்கும் சின்னத் தராசை எடுத்து வைத்து, என் கணவரின் பழைய சொக்ஸ் ஒரு சோடியில் சம்பா நிறுத்துக்கொண்டிருந்தேன். சம்பா ஏன்? சின்ன அரிசி, குத்தாது. இதற்கெல்லாம் எந்தப் புத்தகத்திலும் குறிப்புக் கிடையாது. நாமாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

அந்த நேரம் பார்த்து அவர் குசினிக்குள் வந்தார்.

“என்ன செய்ற?”

“ஒத்தடம்... முழங்காலுக்கு” என்றேன். எப்படி வந்தது என்று தெரியவில்லை. வந்துவிட்டது.

“அப்ப சூடாக்கணுமே?”

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் இரண்டு சொக்ஸையும் வாங்கி, வெறும் சட்டியில் போட்டுப் புரட்டிப் புரட்டிச் சூடாக்கினார். என்னைக் கதிரையில் உட்கார வைத்தார். தரையில் உட்கார்ந்து, சேலையை லேசாக ஒதுக்கி, முழங்காலுக்கு ஒன்றாக வைத்தார்.

“சரியா இருக்கா?”

“சரியா இருக்கு.”

என் வருங்கால மார்பு இரண்டும் என் முழங்காலில் இருந்தன. சுகமாகவும் இருந்தது, அதுதான் கொடுமை. அவர் தலை நிமிராமல், அரைமணி நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். என்னைத் தொடாமல், சொக்ஸை மட்டும் தொட்டுக்கொண்டு.

திங்கட்கிழமை முதல் நாள். காலையில் உடுத்திக்கொண்டு, பல நாளைக்குப் பிறகு அலுமாரிக் கதவைச் சாத்தி, கண்ணாடியைப் பார்த்தேன். அட! யாரோ ஒருத்தி நிமிர்ந்து நிற்கிறாளே என்று இருந்தது. பத்து மணி வரைக்கும் ராணி மாதிரி நடந்தேன். பதினொரு மணிக்குத் தோள்பட்டை வலித்தது. பின்னேரம் மூன்று மணிக்கு, நாற்பத்து நான்கு கிலோவைக் கழற்றி எறிந்தவள் அறுநூறு கிராமைத் தூக்கிச் சுமக்கிறாளே என்று எனக்கே எரிச்சல் வந்தது.

இரண்டாம் நாள்தான் அந்தச் செவ்வாய்க்கிழமை.

பஸ்ஸில் உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஒரு வளைவில் பஸ் வெட்டித் திரும்பியது. உள்ளே ஏதோ ‘பட்’ என்றது. இடது சொக்ஸின் பெருவிரல் ஓட்டையை நான் ஊசிநூலால் தைத்திருந்தேன். சூடாக்கியதில் நூல் பொசுங்கியிருக்க வேண்டும். பிளவுஸோ பழையது, நூற்றுப் பன்னிரண்டு கிலோ காலத்தைச் சேர்ந்தது. அரிசி தடையில்லாமல் இறங்கி, இடுப்பு வழியாக, சேலை மடிப்பு வழியாக, பஸ் தரையில் சரசரவென்று விழுந்தது.

“நோனா! ஹால் வெட்டெனவா!” என்று, எனக்குப் பக்கத்து சீட்டில் இருந்த வயதான சிங்கள அம்மா கத்தினார். அரிசி கொட்டுகிறதாம். எனக்குத் தெரியாதா?

அவ்வளவுதான், பஸ் முழுக்க ஒரே பரபரப்பு. யாருடைய அரிசிப் பை கிழிந்தது என்று கொண்டக்டர் கேட்டார். ஒருவர் மேலே தட்டில் இருந்த பைகளைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர், பாவம் நல்ல மனிதர், தன் ஷொப்பிங் பேக்கில் காலைச் சாப்பாட்டுக்கு வாங்கி வைத்திருந்த பாணை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, வெறும் பேக்கை எனக்கு நீட்டினார். அரிசியை அள்ளிப் போடவாம். எல்லோரும் மேலே பார்த்தார்கள். நானும் பார்த்தேன். எனக்கும் அந்த அரிசிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதது போல.

அந்த அம்மாவுக்கு மட்டும் விளங்கிவிட்டது. என் வலது பக்கத்தைப் பார்த்தார். இடது பக்கத்தைப் பார்த்தார். தன் குடையை எடுத்து என் கையில் கொடுத்து, நெஞ்சோடு அணைத்துப் பிடிக்கச் சொன்னார். பிறகு என்னைக் குனியச் சொல்லி, காதோடு சிங்களத்தில் கேட்டார்:

“பிள்ளைக்குப் பால் கொடுத்த காலத்தில் பால் கட்டி வலித்தபோது, நான் முட்டைக்கோவா இலை வைத்திருக்கிறேன் மகள். இந்த அரிசி எதுக்கு நல்லது?”

சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும் சிரித்தேன். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை.

ஒபிஸுக்கு ஒரு பக்கம் மேடும் ஒரு பக்கம் பள்ளமுமாக வந்து சேர்ந்தேன். என்னோடு வேலை செய்யும் பரீனாவை இழுத்துக்கொண்டு வொஷ்ரூமுக்குள் போய்க் கதவைப் பூட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். மிச்ச அரிசியை உதறினேன். சத்திரசிகிச்சைக்குப் பிறகு என் உடம்பை டொக்டர்மாரைத் தவிர வேறு யாரும் பார்த்தது அதுதான் முதல் தடவை.

பரீனா சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு அரிசியைத் தட்டிவிட்டு, பிளவுஸை இழுத்துச் சரிப்படுத்தி, ஊசி குத்திவிட்டாள்.

“மாப்பிள்ளைக்கிட்ட செல்லலியா?” என்று என் கணவரைப் பற்றிக் கேட்டாள்.

“அவர் ஒண்ணுமே கேக்கல பரீனா. என்னைப் பாக்குறதே இல்ல.”

“கேக்காத மனிசனுக்குத்தான் லோகா நாங்களா செல்லணும். கேக்குற மனிசன்தான் எப்பிடியும் கேட்டுக்கொள்ளுவாரே.”

அன்று பின்னேரம் தேத்தண்ணி குடிக்கும்போது என் கணவரிடம் சொன்னேன். பல் டொக்டர் பொய், சொக்ஸ், சம்பா, பஸ் எல்லாம். அவர் சிரிக்கவில்லை. கோபப்படவும் இல்லை. ‘ஒரிஜினலா’ என்று கேட்கவில்லை. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, “டொக்டர்கிட்ட நானும் வர்றேன்” என்றார். அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை இருவருமாகப் போனோம். அரிசிக் கதையைக் கேட்டு டொக்டர் முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு, “இப்ப சொல்லுங்கோ. ஆருக்காண்டி?” என்றார்.

நான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன்.

டொக்டர் அவர் பக்கம் திரும்பினார். “நீங்கள் என்ன நினைக்கிறியள்?”

“மயக்க மருந்து குடுக்காம செய்ய முடியுமா டொக்டர்?”

“முடியாது. ஏன்?”

என் கணவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்.

“போன ஆப்பரேஷன் அன்னைக்கு நான் வெளிய பெஞ்சுல உக்காந்திருந்தேன். சொன்ன நேரத்துக்கு மேல ரெண்டு மணித்தியாலம் ஆச்சு. ஒருத்தரும் வரல. முடிஞ்சிருச்சின்னு நெனச்சேன். இவ போயிட்டான்னு. வீட்டுக்கு எப்பிடித் தனியா போறதுன்னுகூட யோசிச்சிட்டேன். அப்பறம் நல்லபடியா வந்தா. சரி. ரெண்டு மாசத்துக்கு முந்தி கம்பளையில ஒரு கல்யாணம். பழைய சிநேகிதன் ஒருத்தன். இவளத் தூரத்துல பாத்துட்டு வந்து என் கையப் பிடிச்சிக்கிட்டு, ‘மூத்தவங்க எப்ப தவறுனாங்க? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலியே’ன்னு கேக்குறான்.”

எனக்கு நினைவு வந்தது. அந்தக் கல்யாணத்தில் அவர் பந்தியில் பாதியில் எழுந்துவிட்டார். வயிறு சரியில்லை என்றார்.

“‘புதுசா கட்டுனவங்க சின்ன வயசு போல’ன்னும் சொல்றான். நானும் கண்ணாடியப் பாத்தேன் டொக்டர். தல வழுக்க, தொப்ப. இவ தலகாணியத் தூக்கிக்கிட்டு அந்த ரூமுக்குப் போனா. சரி, என்னப் புடிக்கல போலன்னு இருந்துட்டேன்.”

டொக்டர் மேசையில் இருந்த சிலிக்கனை மெதுவாக எடுத்து, லாச்சியை இழுத்து உள்ளே வைத்து மூடினார்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? அவருடைய தோளில் ஓங்கி ஒன்று போட்டேன். டொக்டரின் முன்னால். “எனக்கு உங்களப் புடிக்கலன்னு யாரு சொன்னா? என்னால என்னையே பாக்க முடியலீங்க” என்றேன். அழுகையும் சிரிப்புமாக வந்தது. உடம்பு குறைவது ஒருவருக்கு மட்டும் நடக்கிற காரியம் என்று நினைத்திருந்தேன். அதே வீட்டில் இன்னொருவரும் சத்தமில்லாமல் குறைந்துகொண்டிருந்திருக்கிறார்.

முடிவு என்ன என்று கேட்பீர்கள். இம்ப்ளான்ட் வேண்டாம் என்று டொக்டரிடம் சொல்லிவிட்டேன். வைத்துக்கொள்கிறவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கண்ணாடியைச் சுவருக்குத் திருப்பி வைத்தவளுக்கு அந்த வலி தெரியும். ஆனால் எனக்கு அது பாரம். எடை ஒரு வருடம் நின்றால், தோலைத் தூக்கித் தைப்பதைப் பற்றிப் பார்க்கலாம் என்றார் டொக்டர். அப்படிச் செய்தால் எனக்காகச் செய்வேன். இப்போது அதைத் தயங்காமல் சொல்ல முடிகிறது. மயக்க மருந்து கொடுக்கும்வரை என் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருப்பதற்கும் அனுமதி வாங்கியாயிற்று.

மகளின் அறை மறுபடி மகளின் அறையாகிவிட்டது. குறட்டை முன்பைவிட மோசம். நன்றாகத் தூங்குகிறேன்.

கம்பளைச் சிநேகிதருக்கு மட்டும் ஒரு சேதி: மூத்தவர் சுகமாக இருக்கிறார் — இளையவரும் அவரேதான்.