நங்கையா சார்பாக ஒரு கையெழுத்து

ஜூலை 14, 1967, வெள்ளிக்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். குளியல், விபூதி, இரண்டு இட்லி. எட்டரைக்கு டைப்பிங் கடையைத் திறந்து, டைப்ரைட்டரின் உறையைக் கழற்றி, எழுத்துகளை பிரஷ்ஷால் துடைத்தேன். முந்தின நாள் வேலை பாக்கியில்லை.

சாயங்காலம் சிவசாமி வந்தார். பனியன் கம்பெனிக்காரர். அவருடைய அண்ணன் போன ஐப்பசியில் தவறிப்போனார். அண்ணன் ஓட்டிவந்த நிட்டிங் மெஷின் இப்போது அண்ணன் மனைவி — அவர் பேச்சில் 'நங்கையா' — சரஸ்வதியின் பெயரில் இருக்கிறது. அதை லூதியானா வியாபாரி ஒருவர் விலைக்குக் கேட்டிருக்கிறார். விற்கச் சம்மதம் என்று இங்கிலீஷில் கடிதம் வேண்டும். அடியில் 'ஆன் பிஹாஃப் ஆஃப் சரஸ்வதி', அதாவது சரஸ்வதி சார்பாக, என்று போட்டு, சிவசாமி கையெழுத்திடுவார்.

நம் ஊரில் இந்தத் தொடருக்கு ஓய்வே கிடையாது. முதலாளி சார்பாக மேனேஜர், மாமனார் சார்பாக மருமகன்... பழனிக்குக் காவடிகூட ஒருவருக்காக இன்னொருவர் எடுக்கிறார். ஆனால் அங்கேயும் வேண்டிக்கொண்டவர் என்று ஒருவர் இருக்கிறார் — இல்லையா?

சரஸ்வதியைக் கேட்டாயிற்றா என்று விசாரித்தேன்.

"நங்கையாளைக் கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? ரேஷன் கடையில இருந்து பையன் பள்ளிக்கூடம் வரைக்கும் நாந்தானே பேசறேன். டைப் அடிக்கச் சொன்னா வக்கீலாட்டக் கேக்கறீங்க."

பொய்யில்லை. ஒத்தாசையில் குறை வைக்காத மனிதர். இருந்தாலும், சரஸ்வதிக்குப் படித்துக் காட்டாமல் அடிக்க மாட்டேன் என்றேன். பக்கத்துச் சந்துதான். முணுமுணுத்தபடி போய் அழைத்து வந்தார்.

சரஸ்வதி படியேறாமல் வாசலிலேயே நின்றார். நான் தமிழில் சொன்னதைக் கடைசிவரை கேட்டார்.

"நான் எப்பங்க சம்மதிச்சேன்?" என்றார். பிறகு கொழுந்தனார் பக்கம் திரும்பினார். "அந்த மெஷின் ஓடுனாத்தான் தம்பி எங்க ஊட்ல உலை கொதிக்கும். ஆள் வெச்சு ஓட்டிக்கறேன். குடுக்க மாட்டேன்."

சிவசாமி அவரை நிமிர்ந்து பார்த்தார். "இத்தனை நாளாச் சொல்லவே இல்லீங்களே."

"நீங்க கேக்கவே இல்லீங்களே."

சிவசாமி சிரிக்க முயன்றார். விற்பதற்கில்லை என்று வியாபாரிக்கு எழுதிவிடலாம் என்றார். பிறகு சற்றுத் தயங்கி, "கையெழுத்து... நானே போடட்டுங்களா?" என்றார்.

"போடுங்க தம்பி. இப்பப் போடலாம்."

நான் பேப்பரை உருளையில் செருகினேன். சரஸ்வதி தடுத்தார். வெள்ளிக்கிழமை, விளக்கு வைக்கும் நேரம் — மாட்டேன் என்று எழுத வேண்டாமாம். மாட்டேன் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. நேரம்தான் சரியில்லை.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் முதல் வேலையாக அந்தக் கடிதத்தை அடித்தேன். 'ஆன் பிஹாஃப் ஆஃப்' என்ற இடத்தில் விரல் தயங்கி நிற்கவில்லை.