கிள்ளான் பஸ் நிலையத்தில் என் மரணம்

மலேசியாவின் கிள்ளான் பஸ் நிலையம், நண்பகல். லண்டன் தொலைக்காட்சித் தொடரொன்றில் ஆறு ஆண்டுகள் மருந்துக்கடைக்காரராக நடித்தேன். போன மாதம் அந்தப் பாத்திரத்தை மாரடைப்பில் சாகடித்துவிட்டார்கள். வேலை போன கையோடு ஊர் சுற்றக் கிளம்பிவிட்டேன்.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கடைக்கார அக்கா என்னைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிடுகிறார்.

“ஐயோ அண்ணே, நீங்க செத்துட்டீங்களே!”

லண்டனில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் அந்தத் தொடரைப் பதிவுசெய்து வீடியோ கேசட் அனுப்புகிறாளாம்.

“தொடர்லேர்ந்து என்னை எடுத்துட்டாங்க, அக்கா.”

“எடுத்தவனுக்குக் கண்ணில்லையா? நான் ரெண்டு நாள் சோறு சாப்பிடல லா!”

ஆறு ஆண்டுகளில் யாரும் என்னை இப்படிப் பாராட்டியதில்லை. அந்தக் காட்சியைச் செய்துகாட்டச் சொல்கிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் சாய்கிறேன். சுற்றி நின்றவர்கள் கைதட்டுகிறார்கள்.

பந்திங் ஊருக்குப் போகும் பஸ்ஸின் டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி ஓடிவருகிறார்.

“அண்ணே, நான் சரியா பாக்கல. இன்னொரு தடவை சாவுங்க லா!”

சந்தோஷமாக மறுபடியும் சாகிறேன்.