என் பொக்லைன் வெட்டிய குருவிச் சுவர்

நான் செய்தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒரு மாடி வீடு. மூன்று டிப்பர், ஒரு பொக்லைன். கம்மாபுரம் பக்கம் இரண்டு ஏரிகளுக்குக் கரை பலப்படுத்தியவன் நான். சுனாமிக்குப் பிறகு தேவனாம்பட்டினத்தில் எழும்பிய வீடுகளில் பாதிக்கு அடியில் கிடக்கும் மண் என் வண்டி கொட்டியது. இத்தனைக்கும் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது; தலையில் மண் கூடையோடு ஆரம்பித்த ஆள். கைதூக்கிவிட அப்பனும் இல்லை, அண்ணனும் இல்லை. இதெல்லாம் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாமல் ஒரு சுவரும் கட்டியிருக்கிறேன். அதில் செங்கல் கிடையாது, சிமென்ட் கிடையாது. குடியிருப்பது குருவிகள்.

கடலூருக்கு மேற்கே செம்மண் மேடு இருக்கிறது. நாங்கள் மலை என்றுதான் சொல்வோம். மழை பெய்தால் ஓடையாக அறுத்துக்கொண்டு போகும், வெயில் அடித்தால் ஓடு மாதிரிக் காயும். முந்திரியும் சப்பாத்திக் கள்ளியும் தவிர ஒன்றும் நிற்காது. ஆடு மேய்க்கிறவன்கூட ஏறமாட்டான். அதில் இரண்டு காணி நான் வாங்கினபோது சிரிக்காதவர்கள் இல்லை. மண்ணின் அருமை மண் சுமந்தவனுக்குத்தான் தெரியும். தேவனாம்பட்டினத்துக்கு மண் தேவைப்பட்டபோது முறைப்படி அனுமதி வாங்கி வெட்டினேன். வெட்டி முடித்த இடத்தில், இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாக, கத்தி வைத்து அறுத்த அல்வா போல ஒரு பக்கம் நின்றது.

என் மனைவியின் தம்பி சிதம்பரத்தில் தபால் ஆபீசில் இருந்தான். கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலேயே பிறந்து வளர்ந்தவன், படித்தவன், இங்கிலீஷ் புத்தகம் வைத்துக்கொண்டு குருவி பார்க்கிற பழக்கம் உள்ளவன். எங்கள் வீட்டுக் காதுகுத்துக்கு வந்திருந்தவனை, என் சொத்தைக் காட்டலாம் என்று மலைக்குக் கூட்டிப் போனேன். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, “மாமா, இதுல கல்லுதான் வெளையும்”னான். நான் பதில் சொல்வதற்குள் சட்டென்று கையைப் பிடித்து நிறுத்தினான். அந்த வெட்டு மண்ணில் எலுமிச்சம்பழம் நுழைகிற அளவுக்குப் பொந்துகள். பச்சைக் குருவி ஒன்று தும்பியைக் கவ்விக்கொண்டு வந்து, பொந்துக்குள் நுழைந்து, வெளியே வந்து வேலிக் கம்பியில் உட்கார்ந்தது. பஞ்சுருட்டான் என்றான். காதுகுத்துக்கு வாங்கிய பட்டுவேட்டியோடு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டான். நாங்கள் திரும்புவதற்குள் பந்தியில் எங்களுக்கு இலை போட்டு எடுத்தும் ஆகிவிட்டது.

அதிலிருந்து ஆரம்பித்தவைதான் அந்த ஞாயிற்றுக்கிழமைகள். சிதம்பரத்திலிருந்து முதல் பஸ்ஸில் நான்கைந்து பேர் வருவார்கள். அவர்களுக்குத் தலைமை ஒரு டீச்சர் அம்மா. என் மனைவி புளிச்சோறு கட்டிக் கொடுப்பாள். ஆளுக்கொரு நோட்டில் பேர் எழுதுவார்கள். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும்; ஆனால் பறவையைக் கண்டுபிடிப்பதில் முதல் ஆள் நான்தான், சந்தேகமே வேண்டாம். பொக்லைன் சீட்டில் முப்பது வருஷம் உட்கார்ந்தவனுக்கு எந்தக் குருவி தெரியாது? வாளி மண்ணைப் புரட்டினால் புழுவுக்கு மைனா வரும், கரிச்சான் வரும், கொக்கு வரும். எது எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். மச்சான் புத்தகத்தைப் புரட்டிப் பேரைக் கண்டுபிடிப்பதற்குள் நான் குருவியையே மறந்திருப்பேன். “மாமா, நீங்க வாயைத் தொறந்தா அது பறந்துடுது”ன்னு திட்டுவான். மலையில் சொட்டுத் தண்ணீர் கிடையாது என்று கிணற்று உறை ஒன்றைக் கொண்டுபோய்ப் பதித்துத் தொட்டியாக்கினதும் நான்தான். அந்தத் தொட்டியில் தவிட்டுக்குருவிக் கூட்டம் ஒன்றன் மேல் ஒன்று விழுந்து குளிக்கும். அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்ட புளிச்சோறு போல் அதற்குப் பிறகு எனக்கு எந்த விருந்தும் ருசித்ததில்லை.

ஒரு புரட்டாசியில் டீச்சர் அம்மா சொன்னார், மலைக்குக் காயம் பட்டிருக்கிறது, நாம்தான் ஆற்ற வேண்டும் என்று. வெட்டைச் சரிவாக்கி மரம் வைத்தால் குருவிகளுக்கு நிழல் கிடைக்கும், மண்ணும் நிற்கும். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மண் வேலை என்றால் என்னை விட்டால் யார்? பொக்லைனைக் கொண்டுவந்து இரண்டே நாளில் அந்தச் செங்குத்தை இழைத்துச் சரிவாக்கினேன். என் வாழ்நாளில் அப்படி ஒரு சரிவு நான் இழைத்ததில்லை, குழந்தையைப் படுக்கப் போடலாம். வேம்பும் புங்கனும் வைத்தோம். என் டேங்கரில் தண்ணீர் ஊற்றினோம். எல்லாக் கன்றும் பிடித்தது.

பங்குனி பிறந்தது. பஞ்சுருட்டான்கள் வந்தன. கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. சரிவை ஒட்டித் தாழப் பறந்து பார்த்தன, திரும்பக் கம்பிக்கு வந்தன. இப்படியே நாலு நாள். அப்புறம் காணோம். மச்சான் மூன்று ஞாயிறு வந்து பார்த்தான். அப்புறம் குழுவே சதுப்புக் காட்டுப் பக்கம் போக ஆரம்பித்தது. அங்கே குருவி ஜாஸ்தி என்றார்கள். நான் மட்டும் என் மலைக்குப் போய்த் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். தண்ணீர் இருந்தது, நிழல் இருந்தது, குருவி இல்லை. என்ன தப்பு செய்தோம் என்று விளங்கவில்லை.

விளங்க வைத்தது புத்தகம் இல்லை. அந்தச் சித்திரையில் ஒரு வீட்டு மனையில் கடைக்கால் தோண்டிப் போட்டிருந்தேன். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், என் வாளிப் பல் பதிந்த பச்சை மண்ணில் இரண்டு பஞ்சுருட்டான்கள் பொந்து குடைகின்றன. காலால் மண்ணைப் பின்னாடி எத்தி எத்தித் தள்ளுகின்றன, கூலிக்கு வந்த ஆள் மாதிரி. மறுநாள் அங்கே காங்கிரீட் போட்டார்கள். அதைத் தடுக்க என்னால் ஆகவில்லை. ஆனால் அன்றைக்கே புரிந்துவிட்டது. அதுகளுக்கு வேண்டியது மரம் இல்லை, வெட்டு. கீரியும் பாம்பும் ஏற முடியாத வெட்டு. நான் இழைத்த சரிவில் எலிகூட ஓடி ஏறும்.

மச்சானிடம் சொன்னேன். டீச்சர் அம்மாவிடம் பேசிச் சொல்கிறேன் என்றான். பேசினானோ இல்லையோ, பதில் வரவில்லை. ஐப்பசி மழை முடிந்து தை பிறந்ததும் நானே வண்டியை மலைக்கு ஏற்றினேன். வண்டியின் சங்கிலிப் பெல்ட்டுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, ஏற்றி நசுக்கிவிட்டுத்தான் எந்த வேலையும் தொடங்குவது எங்கள் வழக்கம். அன்றைக்கு மூன்று பழம் வைத்தேன். கன்றுகளை வேர் மண்ணோடு எடுத்து வேலி ஓரம் நட்டேன். பாதி பட்டுப்போனது, அதை மறைக்கவில்லை. அப்புறம் சரிவை வெட்டிச் சுவராக்கினேன்.

சேதி போய் டீச்சர் அம்மா வந்து நின்றார். என்ன ஐயா இது என்று கேட்டார். குருவிக்கு வீடு என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. “நாங்க புள்ள மாதிரி வளத்தத புடுங்கிட்டு வீடுங்கிறீங்களே”ன்னார். குழுவின் வாட்ஸ்அப்பில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மச்சான் போன் செய்து, “அக்கா மூஞ்சிக்காவ சும்மா இருக்கேன் மாமா”ன்னான். இரண்டு மாசம் பேச்சில்லை.

அந்தப் பங்குனியில் வந்தன. முதலில் ஒரு ஜோடி, பிறகு நாலு, அப்புறம் வரிசையாக. நான் யாருக்கும் சொல்லவில்லை. என் மனைவி சொல்லியிருக்க வேண்டும். ஒரு ஞாயிறு முதல் பஸ்ஸில் மச்சான் மட்டும் வந்து இறங்கினான். தூரக் கண்ணாடியை எடுத்துப் பொந்துகளை எண்ணினான். பதினொன்று. திரும்ப எண்ணினான். தொட்டி விளிம்பில் உட்கார்ந்தான். பிறகு, “நீங்க செஞ்சதுதான் சரி மாமா. நாங்க பச்சையப் பாத்தோம், குருவியப் பாக்கல”ன்னான். நான் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து அவன் பக்கம் தள்ளினேன்.

அதைக் கேட்டது நானும் குருவிகளும்தான். மற்றவர்களும் மெதுவாகத் திரும்ப வந்தார்கள், ஆனால் சுவரைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் அது சரியும். ஒவ்வொரு தையிலும் நான் வண்டியை ஏற்றி, முகம் மழிப்பது போல ஒரு சாண் மழித்துச் செங்குத்தாக்குவேன். அத்தனை வருஷமும் அதைச் செய்தது நான் ஒருவன். இப்போது எனக்கும் மச்சானுக்கும் முட்டி போய்விட்டது. அவன் சிதம்பரத்தில், நான் இங்கே. ஞாயிற்றுக்கிழமை காலையில் போனில் பேசிக்கொள்கிறோம். பழைய குருவிகளைப் பற்றித்தான்.

போன மாசம் குழுவினர் சுவருக்குப் பக்கத்தில் பலகை வைத்தார்கள். என்னிடம் கேட்டுத்தான் வைத்தார்கள். திறப்பு விழாவில் எனக்கு மாலை போட்டார்கள். எல்லாரும் போன பிறகு எழுத்துக் கூட்டி வாசித்தேன். ‘இயற்கையாக உருவான செம்மண் சுவர்’ என்று இருந்தது. மறுபடியும் கூட்டினேன். அதேதான்.

எழுதிக் கொடுத்தது மச்சான். கேட்டேன். “மனுஷன் வெட்டினதுன்னா குவாரின்னு நெனைச்சுக்குவாங்க மாமா. இயற்கைன்னா மரியாதை ஜாஸ்தி”ன்னான்.

யாருக்கு மரியாதை? பலகையைப் பிடுங்க என் வண்டிக்கு அரை நிமிஷம் போதும். அதை நான் செய்யப் போவதில்லை. ஆனால் படித்தவர்கள் யோசிக்க வேண்டும். இயற்கை செய்தது என்று எழுதிவைத்தால், என் காலத்துக்குப் பிறகு சுவர் சரியும்போது அதையும் இயற்கை என்று பார்த்துக்கொண்டு நிற்பார்கள். மறுபடி யாராவது மரம் வைப்பார்கள். கம்பியில் நாலு நாள் உட்கார்ந்துவிட்டுக் குருவி போய்விடும்.

ஆகவே மச்சானுக்கும் டீச்சர் அம்மாவுக்கும் குழுவுக்கும் சொல்லிக்கொள்வது இதுதான். என் பேர் வேண்டாம், போட்டோ வேண்டாம். அந்த ‘இயற்கையாக’வை அழித்துவிட்டு, ‘இது ஒரு மண்வேலைக்காரன் வெட்டிய சுவர், தை மாசம் தோறும் வெட்ட வேண்டும்’ என்று எழுதுங்கள். தை பிறப்பதற்குள் எழுதுங்கள். நான் போய் எழுத்துக் கூட்டிப் பார்ப்பேன்.