நுக்குயி சானின் நான்கு குமிழ்கள்

நுக்குயி ஷிகெயோவுக்கு, மரியாதையாகச் சொன்னால் நுக்குயி சானுக்கு, குளியலறைச் சாமான் விற்கும் கடையில் வேலை. ஒசாகாவின் மேற்குப் பக்கத்தில் பழைய வீடுகள் நிறைய இருப்பதால் வேலைக்குப் பஞ்சமில்லை. குமிழைத் திருகிப் பற்றவைக்கும் பழைய வெந்நீர் அடுப்பைக் கழற்றிவிட்டு, சுவரில் ஒரு தொடுதிரையைப் பதித்துக் கொடுப்பார். திரையைத் தொட்டால் தொட்டி நிரம்பும். நிரம்பியதும் ஒரு பெண் குரல் மரியாதையாகச் சொல்லும். "குமிழ்ங்கிறது போன நூற்றாண்டுங்க" என்று வயதானவர்களிடம் அவர் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். என் வீட்டுக் குளியலறையையும் அவர்தான் மாற்றினார்.

விற்றதை அவர் நம்பவும் செய்தார். ஓய்வு நேரத்தில் அவர் வாசிக்கும் இசையும் கண்ணாடித் திரைமேல்தான். ஒரு டேப்லெட், ஒரு சின்ன ஒலிபெருக்கி, அவ்வளவே. ரயில் கேட் மணி, தகரக் கூரை மழை என்று பதிவு செய்துகொண்டு வந்து, அவற்றை மெதுவாக இழுத்து நீட்டி, அடியில் ஆழமான ஒரு சுரத்தை ஓடவிடுவார். கேட்க நன்றாகவே இருக்கும்.

அதே பகுதியில் கூஜோவில் இருக்கும் என் காபிக் கடையின் மாடியில் மாதம் ஒரு ஞாயிறு பிற்பகல் மின்னிசைக்காரர்கள் கூடுவார்கள். அவர்களுக்குத் தலைவர் மாதிரி இருந்தவர் பாண்டோ என்ற பல் டாக்டர். அவருடைய பெட்டிகளை மாடிக்கு ஏற்ற இரண்டு பேர் வேண்டும். பெட்டி நிறையக் குமிழ்கள், குமிழ்களுக்கு நடுவே வண்ண வண்ணக் கம்பிகள். எதை எதில் சொருகினோம் என்று பாதியில் அவருக்கே மறந்துவிடும். அப்போது எழும் கீச்சொலியைத் 'தேடல்' என்பார். கூட்டம் கண்ணை மூடித் தலையாட்டும். வாய்க்குள் கைவிட்டு வேலை செய்கிறவர் ஆதலால் குமிழைத் திருகும்போதும் முகம் அதே மாதிரி சுளிக்கும். அதைப் பார்க்கவே சிலர் வந்தார்கள்.

நுக்குயி சான் வாசிக்கும்போது பார்க்க ஒன்றும் இருக்காது. திரையில் எந்த இடத்தில் எது என்று விரலுக்குத் தெரியாதே, கண்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். அதனால் குனிந்த தலையை நிமிர்த்த மாட்டார். ஜனங்கள் பார்த்ததெல்லாம் அவருடைய வழுக்கையைத்தான். ஒருமுறை முன்வரிசைப் பெண்மணி கையைத் தூக்கி, "ரெண்டு ஐஸ் காபி, ஒண்ணுல பால் வேண்டாம்" என்று அவரிடமே சொல்லிவிட்டார். கையில் டேப்லெட்டோடு நிற்பவரை ஆர்டர் எடுப்பவராகத்தானே நினைப்பார்கள்? நுக்குயி சான் பாட்டை ஓடவிட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"மாஸ்டர், ரெண்டு ஐஸ் காபி. ஒண்ணுல பால் வேண்டாமாம்."

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

"அவங்க நம்பிக் கேட்டுட்டாங்க."

ஜூலையில் அதைவிட மோசம். விரல் வியர்வையில் கண்ணாடி பாதித் தொடுதலை வாங்கவில்லை, மீதியை இரண்டு மடங்காக வாங்கியது. கேட் மணி ஊரையே கூப்பிட்டது. பதறிப்போய் அதை அடக்க அவர் விரலை வைத்த நேரம் பார்த்து அந்த இடத்தில் மனைவியின் அழைப்பு வந்து உட்கார்ந்தது. ஒலிபெருக்கியில் சிஸுரு அம்மாள் மாடி முழுக்கக் கேட்டார்.

"என்னங்க, டோஃபு வாங்கியாச்சா? கெட்டியானது. போன தடவை மாதிரி கொழகொழன்னு வேண்டாம்."

பாண்டோ டாக்டர் எழுந்து நின்று கைதட்டினார். "இன்னிக்குத்தான் உங்க பாட்டுல வரி வந்திருக்கு, நுக்குயி சான். நான் எப்பவும் சொல்றதுதான். கண்ணாடியில தொடறது மெயில் பாக்கறது மாதிரி. வாசிக்கிறது வேற."

நுக்குயி சான் சிரித்துக்கொண்டேதான் இறங்கிப் போனார். டோஃபு வாங்க மறந்துவிட்டார் என்று பிறகு சிஸுரு அம்மாள் சொன்னார்.

செப்டம்பரில் வந்தபோது ஒரு மரப்பலகையைத் தூக்கி வந்தார். அதில் சாம்பல் நிற இரும்புத் தகடு ஒன்று. தகட்டில் நான்கு கருப்புக் குமிழ்கள், ஒரு சிவப்பு விளக்கு. பின்னாலிருந்து தடித்த ஒரு கம்பி டேப்லெட்டுக்கு ஓடியது. இடது கையால் குமிழ்களைத் திருகினார். குமிழ் 'கடக்' என்று விழும்போதெல்லாம் தோளும் கூடவே இறங்கியது. அந்தக் கை இருக்கும் இடத்தைக் கண் பார்க்கத் தேவையில்லாததால் தலை பெரும்பாலும் நிமிர்ந்திருந்தது. அவர் முகத்தையே அன்றுதான் பலர் முதலில் பார்த்தார்கள். பலகைக்குப் பின்னால் வலது கை என்ன செய்கிறது என்று யாரும் பார்க்கவில்லை.

பாட்டு ஜூலையில் வாசித்த அதே பாட்டுதான். முடிந்ததும் இருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

"இது என்ன இயந்திரம்?" என்று டாக்டர் கிட்டே போனார்.

"பழசு. சின்னப் பட்டறையில செஞ்சது. இப்ப வர்றதில்ல."

"நான் ஒரு தடவை திருகட்டுமா?"

நுக்குயி சான் என்னைப் பார்த்தார். நான் கோப்பைகளைப் பார்த்தேன். டாக்டர் மூன்றாவது குமிழை அரைச் சுற்றுத் திருகிக் காதைச் சாய்த்தார். ஒலிபெருக்கியில் முன்பு ஓடிய அதே சுரம் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. நுக்குயி சானின் இரண்டு கைகளும் பைக்குள் இருந்தன.

"கேட்டீங்களா? வயித்துக்குள்ள இறங்குது. இந்தச் சூடு கண்ணாடியில வராது" என்றார் டாக்டர். கூட்டமும் கேட்டது. இறங்குவதாகத்தான் சொன்னார்கள்.

எல்லோரும் போன பிறகு நான் கம்பியைத் தூக்கிப் பார்த்தேன். டேப்லெட்டின் முதுகில் ஒட்டுநாடாவால் ஒட்டியிருந்தது. விளக்குக்கு மட்டும் ஒரு பேட்டரி.

"இது எதுல இருந்து?"

"வெந்நீர் அடுப்பு" என்றார் சின்னக் குரலில். "கழற்றினது கடைப் பின்கட்டுல கிடந்துச்சு. ஆனா மாஸ்டர், ஒண்ணு சொல்றேன், சிரிக்காதீங்க. இது பக்கத்துல இருந்தா நான் நல்லா வாசிக்கிறேன்."

நான் சிரிக்கவில்லை. அவர் சொன்னது உண்மை. கைக்குப் பிடிக்க ஏதோ ஒன்று கிடைத்ததும் காது தன் வேலையைப் பார்க்க முடிந்தது. அவர் தன் பாட்டைத் தானே கேட்கத் தொடங்கியிருந்தார். சுவரொட்டியில் அவர் பெயர் மேலே ஏறியது. டாக்டருக்குக் கீழே என்பதால் டாக்டரும் ஆட்சேபிக்கவில்லை.

நவம்பரில் சிஸுரு அம்மாள் கணவனின் புகழைக் கேள்விப்பட்டு, அக்கம்பக்கத்தில் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதில் ஒருவர் இனுசுகா அம்மாள். எண்பதைத் தாண்டியவர், தனியாக இருப்பவர், நுக்குயி சானிடம் குளியலறையை மாற்றிக்கொண்டவர். பாட்டு தொடங்கிச் சற்று நேரத்தில் அவர் எழுந்து, கைத்தடியை ஊன்றி முன்னால் போய், தகட்டின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"இது என் வீட்டு அடுப்பு."

நுக்குயி சானின் வலது கை நின்றது. பாட்டும் நின்றது.

"இந்தச் சுட்ட தழும்பு என் வீட்டுக்காரர் சிகரெட் வச்சது. ஆபத்து, உடைச்சுப் போடணும்னு சொல்லித்தானே எடுத்துட்டுப் போனீங்க?"

"ஆமாங்க" என்றார் நுக்குயி சான். "எரிவாயு ஆபத்துதாங்க. குமிழ்ல ஒண்ணும் இல்ல."

"அப்ப எனக்கு மட்டும் கண்ணாடி, உங்களுக்குக் குமிழா? சோப்புக் கையோட தொட்டா அது கேக்கறதில்ல. மூக்குக்கண்ணாடி போடாம எனக்கு எழுத்து தெரியறதில்ல. குளிக்கும்போது யார் மூக்குக்கண்ணாடி போடுவா? போன வாரம் பச்சைத் தண்ணியிலதான் உக்காந்திருந்தேன். திரைக்குள்ள பேசற அந்தப் பொண்ணு வேற, குளியல் தயார்னு சந்தோஷமா சொல்றா."

யாரும் சிரிக்கவில்லை. நுக்குயி சான் கூட்டத்தைப் பார்த்து, இந்தக் குமிழ்கள் எதனோடும் இணைக்கப்படவில்லை என்று சொல்லி, நாடாவைப் பிய்த்துக் கம்பியைத் தூக்கிக் காட்டித் தலை குனிந்து நின்றார்.

பிறகு டாக்டர் சொன்னார்: "இணைக்காமலேயே அவ்வளவு சூடு வந்திருக்கு பாருங்க. அந்தக் காலத்து இரும்பு." கைதட்டல் எழுந்தது. நுக்குயி சான் இன்னும் ஆழமாகக் குனிந்தார். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டு இன்னும் தட்டினார்கள். சிஸுரு அம்மாள் மட்டும் தட்டவில்லை; அவர் கணவனைப் பார்த்த பார்வையில் ராத்திரிச் சாப்பாடு இல்லை என்று தெரிந்தது.

மறுநாளே நுக்குயி சான் இனுசுகா அம்மாள் வீட்டுக்குப் போனார். அலமாரிக் கதவு இடிக்காமல் இருக்க ஒட்டுவோமே, ரப்பர் பொட்டு, அதை ஒரு அட்டை வாங்கிப் போயிருந்தார். தொடுதிரையில் வெந்நீருக்கு ஒரு பொட்டு, சூடு கூட்ட இரண்டு, நிறுத்த மூன்று என்று பக்கத்துச் சட்டத்தில் ஒட்டினார். அந்த அம்மாள் கண்ணை மூடித் தடவிப் பார்த்தார்.

"இதை முதல்லயே செஞ்சிருக்கலாமே."

"தோணலைங்க."

"தினம் குளிக்கிறவங்கதானே நீங்களும்?"

நுக்குயி சான் பழைய தகட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தார். மிச்சப் பொட்டுகளைத் தன் டேப்லெட்டின் விளிம்பில் ஒட்டிக்கொண்டார். டிசம்பர் ஞாயிறன்று தலையை நிமிர்த்தி, விரலால் பொட்டைத் தேடித் தேடி வாசித்தார். ரயில் கேட் மணி ஒரு இடத்தில் மெல்லத் தேய்ந்து மழைக்குள் போனது. நான் கேட்டதிலேயே அதுதான் சிறந்தது.

"பரவாயில்ல" என்றார் டாக்டர். "ஆனா முன்னாடி இருந்த அந்தச் சூடு இல்ல."

இனுசுகா அம்மாளின் பொய்ப்பல்லை இலவசமாகச் சரிசெய்து கொடுத்து அந்தத் தகட்டை டாக்டர் வாங்கிக்கொண்டார். இப்போது அது அவருடைய பெட்டிகளுக்கு நடுவில் இருக்கிறது. வாசிப்பின் உச்சத்தில் மூன்றாவது குமிழைத் திருகுகிறார். கூட்டம் மூச்சை அடக்குகிறது.

நுக்குயி சான் கடையில் விற்பனைக்கு வைத்திருக்கும் திரைகளிலும் பொட்டு ஒட்டப் பார்த்தார். அழகு கெடுகிறது என்று மேலாளர் உரிக்கச் சொல்லிவிட்டார். அதனால் இப்போது வீடுகளில் பொருத்தி முடித்து, கையெழுத்து வாங்கிய பிறகு, பையிலிருந்து பொட்டு அட்டையை எடுக்கிறார்.